கோவிந்தனின் வலது காலும் என் மீட்டர்க் கோலும்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பிசியோதெரபி பிரிவில் புது இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று இப்போது அங்கே இருக்கும் இரண்டு பெண்களும் மூன்று முறை போன் செய்திருந்தார்கள். ஏற்காடு பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு என் நடையில் அறுநூற்று நாற்பது காலடி. ஓய்வு பெற்ற வருடம் அது ஐந்நூற்றுத் தொண்ணூறாக இருந்தது. சாலை அதே சாலைதான்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு தட்டின்மேல் ஒற்றைக் காலில் நின்றால், உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று எதிரே திரையில் கோடு ஓடுகிறது. சுவரோரம் ஆறு விளக்குகள். எது எரிகிறதோ அதைக் காலால் தொட வேண்டும். எரிந்ததற்கும் தொட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று நொடியை ஆயிரமாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறது. என்னையும் ஏறி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். என் கால்களுக்கு வயது எழுபத்து நான்கு என்று அது சொன்னது. எனக்கு அறுபத்து மூன்று. மின்சார வயர் நடுவழியில் கிடக்கிறது, யாராவது தடுக்கி விழுந்தால் உங்களுக்கு இன்னொரு முழங்கால் வரும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

"உங்க காலத்துல இதெல்லாம் எதை வெச்சு சார் பாத்தீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

துணிக்கடை மீட்டர்க் கோலை வைத்து என்றேன். இருவரும் சிரித்தார்கள். பிறகு, அதை எழுதிக் கொடுங்கள், நம் ஆண்டு மலரில் போடுகிறோம், இரண்டு பக்கம் போதும் என்றார்கள். இரண்டு பக்கத்தில் அடங்காது என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் நான்கரை வருடம் படித்தேன். உடம்பில் இருநூற்றாறு எலும்பு என்று புத்தகம் சொன்னதை நம்பாமல் கூடத்து எலும்புக்கூட்டில் எண்ணிப் பார்த்து, நான்கு குறைகிறது என்று பேராசிரியரிடம் புகார் செய்த மாணவன் நான்தான். சேலத்தில் பதினோரு வருடம் வேலை. பிறகு ஏற்காட்டில் இருபத்தொரு வருடம். மலைக் குளிர் ஆகாது, ஒரு வருடம் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று மூன்று ஸ்வெட்டரோடு வந்தேன்.

வந்த பன்னிரண்டாம் வருடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக நூர்ஜஹான் மேடம் வந்தார். ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். என்னைவிட ஒன்பது வயது இளையவர். அந்த இடம் எனக்கு வரும் என்று நினைத்திருந்ததால் நான்கு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் "வணக்கங்க சார், குளிரு எப்படிங்க?" என்று மட்டும் கேட்பார். குளிரைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்ததால் ஐந்தாம் மாதம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஓர் அளவில் சந்தேகம் வந்தால் "இன்னொருக்கா?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம். பிரிவில் அவர் போட்ட சட்டமும் ஒன்றே ஒன்றுதான். அடிபட்ட காலைச் சோதிக்கும் முன் நல்ல காலைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். "எங்க அத்தா சர்க்கரை நிறுக்கறதுக்கு முன்னால வெறுந்தராச ஒருக்கா தூக்கிப் பாப்பாருங்க. முள்ளு நேரா நிக்குதான்னு தெரியாம எதை நிறுத்து என்ன?" என்பார். நல்ல கால்தான் எங்கள் வெறுந்தராசு.

இனி எங்கள் தொழிலைச் சேராதவர்களுக்காகக் கொஞ்சம். முழங்கால் மூட்டுக்குள் குறுக்காக ஒரு தசைநார் ஓடுகிறது. கால் ஊன்றியிருக்கும்போது உடம்பு திரும்பிவிட்டால் அது அறுந்துவிடும். சேலத்தில் அறுவை மருத்துவர்கள் தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் புது நாராகக் கட்டிவிடுவார்கள். ஆனால் பழைய நாருக்குள் நரம்பு இருந்தது. முழங்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அது மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. புது நார் பேசாது. வலி போய், வீக்கம் வடிந்து, நடை நேரான பிறகும் அந்தக் கால் இருட்டில் நிற்கிற மாதிரிதான் நிற்கும். சுற்றியுள்ள தசைகள் மெல்ல மெல்ல அந்தச் செய்தியைச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். எவ்வளவு கற்றிருக்கின்றன என்று பார்ப்பதற்குத்தான் சமநிலைச் சோதனையும் எதிர்வினை நேரச் சோதனையும்.

எங்கள் சோதனை அறை பழைய சிமெண்டுத் தரை. கோலிக்குண்டை உருட்டிப் பார்த்து, எங்கே அது உருளாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தேன். முதலில் ஐந்து நிமிடம் சைக்கிள் மிதித்துக் கால் சூடேற வேண்டும். பிறகு வட்டத்துக்குள் ஒற்றைக் கால், கைகள் இடுப்பில், கண் திறந்து முப்பது நொடி. அப்புறம் கண் மூடி. கை இடுப்பை விட்டாலோ, தூக்கிய கால் தரையைத் தொட்டாலோ கடிகாரத்தை நிறுத்திவிடுவேன்.

எதிர்வினைக்குத்தான் மீட்டர்க் கோல். விழும் கோல் உள்ளே இறங்கச் சுவரோரத் தரையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் பதித்திருந்தேன். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, குதிகால் தரையில் பட, முன்பாதத்தைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தூக்கி வைத்திருப்பார். நான் கோலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, சுழியம் அவர் பெருவிரல் உயரத்தில் இருக்கும்படி நிற்பேன். சட்டென்று விடுவேன். அவர் பாதத்தால் அதைச் சுவரோடு அமுக்கி நிறுத்த வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்ததோ அதிலிருந்து நேரத்தைக் கணக்கிடலாம். ஐந்து முறை. அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு நடு மூன்றின் சராசரி.

எப்போது விடப்போகிறேன் என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. அதற்காக நான் ஒரு முறை வைத்திருந்தேன். இரண்டிலிருந்து ஒன்பது வரை எண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்து, "ரெடி" சொன்னபின் அடுத்த எண் வரை மனதுக்குள் எண்ணிவிட்டுக் கோலை விடுவேன். தமிழ்நாட்டிலேயே இந்தச் சோதனையை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அப்படியிருக்கும்போதுதான் கோவிந்தன் வந்தார்.

கோவிந்தன் செம்மநத்தத்துக்காரர். வயது முப்பத்தாறு. கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் டிரைவர். தினமும் காலையில் செம்மநத்தத்திலிருந்து இருபத்திரண்டு பேரை வேனில் ஏற்றிக் காப்பிக் காட்டுக்குக் கொண்டுவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. அவர் மனைவி சின்னப்பொண்ணும் அந்த வேனில் வேலைக்குப் போகிறவள்தான். அடி எப்படிப் பட்டது என்று நான் கேட்டபோது அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"பலாப்பழத்தாலங்க. மேல ஏறுனவங்க அறுத்து உட்டாங்க. கீழ சாக்க விரிச்சு நானு ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம் புடிச்சுட்டு நின்னோம். பழம் வர்றப்ப இவரு பின்னால போனாருங்க, காலு வேருல மாட்டிக்கிச்சு. ஒடம்பு மட்டும் திரும்பிருச்சு."

"இவ சாக்க இழுத்தாளுங்க சார்," என்றார் கோவிந்தன்.

"நானு இழுக்கலீங்க. பழம் கீழ உழுந்தரக் கூடாதேன்னு கெட்டியாப் புடிச்சேன்."

"பழம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலீங்க. நொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

இரண்டு மாதம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே வீட்டில் இருந்துவிட்டு, அதன் பிறகுதான் சேலத்துக்குப் போய் அறுவை செய்துகொண்டிருக்கிறார். எங்களிடம் வரும்போது வலது தொடை இடதைவிட நான்கு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. செப்டம்பர் கடைசியில் முதல் முறையாகக் கோல் சோதனை செய்தேன். இடது கால் இருபத்தேழு. வலது கால் எழுபத்து நான்கு.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை எஸ்டேட்டில் காப்பிப் பறிப்புத் தொடங்குகிறது. அதற்குள் வண்டி ஓட்டலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வர வேண்டும், வராவிட்டால் இப்போதைக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் குப்பனூர் டிரைவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாக எஸ்டேட்டில் கணக்கையும் ஆட்களையும் பார்க்கும் ரைட்டர் சொல்லியிருந்தார். கோவிந்தன் பதினான்கு வருடமாகச் செய்த வேலை. மலையில் இன்னொரு டிரைவர் வேலை சுலபமாகக் கிடைக்காது. ஆகவே என்னைவிடக் கவலையாக இருக்க ஒருவர் கிடைத்தார். வாரம் ஒரு முறை பஸ் பிடித்து வந்து எல்லாப் பயிற்சியும் செய்தார். கோல் சோதனையில் எழுபத்து நான்கு எழுபதானது. பிறகு அறுபத்து மூன்று, ஐம்பத்தொன்று, முப்பத்தெட்டு, இருபத்திரண்டு. நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். அவ்வளவு அழகாக இறங்கும் கோட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பறிப்புக்கு இரண்டு நாள் முன், சனிக்கிழமை காலை, கடைசிச் சோதனை. ஒன்பது, பதினொன்று, எட்டு, பத்து, ஒன்பது. சராசரி ஒன்பதைத் தாண்டிக் கொஞ்சம்.

"பாஸ்!" என்று கத்திவிட்டேன். நான் கத்துகிற ஆள் இல்லை. கோவிந்தன் நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சின்னப்பொண்ணு வெளியே ஓடிப் போய் ரைட்டருக்கும், அவள் தங்கைக்கும், இன்னும் இரண்டு பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள். நான் தாளைத் தட்டச்சு செய்து மேடத்தின் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

மேடம் படித்தார். "ஒம்போதுங்களா?"

"ஒன்பதேதான் மேடம். ஐந்து முறை."

"எடது காலு எவ்வளவுங்க சார்?"

"இருபத்தேழு."

"எப்ப எடுத்ததுங்க?"

நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். "செப்டம்பர்."

மேடம் தாளை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு முறையும் நல்ல காலை முதலில் என்ற அவர் சட்டத்தை ஒன்பது வாரமாக நான் மீறியிருந்தேன். வலது கால் கோடு அவ்வளவு ஆசையாக இறங்கிக்கொண்டிருந்ததில், மாறாத இடது காலில் ஐந்து நிமிடம் செலவழிக்க மனம் வரவில்லை.

"இன்னொருக்கா?" என்றார் மேடம்.

மூவரும் சோதனை அறைக்குப் போனோம். இடது காலுக்குக் கோலை விட்டேன். பத்து. எட்டு. ஒன்பது. ஒன்பது. பத்து.

மேடம் கோவிந்தனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், இந்த ரெண்டு மாசத்துல நல்ல காலுக்கு நாம என்ன வைத்தியம் பண்ணினோம்?"

ஒரு வைத்தியமும் செய்யாத கால் இருபத்தேழிலிருந்து ஒன்பதுக்கு வந்திருந்தால் தப்பு காலில் இருக்க முடியாது. தராசில்தான் இருக்க வேண்டும். தராசு நான்.

மேடம் ஒரு முக்காலியை இழுத்துக் கோவிந்தனின் பக்கத்தில், அவர் தலை உயரத்துக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். "உடுங்க சார்," என்றார். "ரெடி" சொல்லி, ஏழு வரை எண்ணி, விட்டேன். கோவிந்தன் ஒன்பதில் பிடித்தார். மேடம் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சார், நீங்க எண்றது எனக்கே தெரியுதுங்க. ஒதடு அசையுது. கடைசி எண்ணு வந்ததும் மூக்கச் சுருக்கிக் கண்ணாடிய ஒரு தூக்குத் தூக்கறீங்க. அப்பறம்தான் கையே உடுது."

"நீங்க அதைப் பார்த்தா காலை வெச்சீங்க?" என்று கோவிந்தனிடம் கேட்டேன்.

"ஆமாங்க," என்றார் அவர், இதில் என்ன சந்தேகம் என்பது போல. "கோலப் பாத்தா லேட்டுங்களே சார்."

"அது ஏமாத்தறதுய்யா!"

"ஏமாத்தறதுங்களா?" அவர் முகம் நிஜமாகவே சுருங்கியது. "எங்க ரோட்டுல அப்படித்தானுங்க ஓட்டறோம். பனி மூடிட்டா எதிர்ல வர்ற வண்டி எந்தப் பக்கம் ஒதுங்குமுன்னு வண்டியப் பாத்துட்டு இருந்தா முடியாதுங்க. டிரைவரு மூஞ்சியப் பாக்கணும். அவன் தோளு அசையறப்பவே நம்ம காலு பிரேக்குக்குப் போயிரணும். நீங்க நல்லா ஓட்டத் தெரியுதான்னு பாக்கறீங்கன்னு நெனச்சேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும், நான் அவர் பக்கம் சாய்ந்தேன். அது திறமைதானே மேடம், வண்டி ஓட்ட அதுவும் வேண்டியதுதானே என்று வாதாடினேன். தாளில் பெயர் தட்டச்சாகியிருந்தது, போன் போய்விட்டிருந்தது, நான் கத்தியிருந்தேன்.

மேடம் கோவிந்தனிடம்தான் பேசினார். "உங்க கண்ணு நொம்ப நல்ல கண்ணுங்க. நான் ஒத்துக்கறேன். ஆனா மழையில ஒரு பாறை உருண்டு ரோட்டுக்கு வருது. பாறைக்கு மூஞ்சி ஏதுங்க?"

அறையில் கதவுக்கு ஒரு பச்சைத் திரை உண்டு. என்னை அதன் பின்னால் நிற்க வைத்து, கையை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார். இடது கால் இருபத்தேழு. வலது கால் அறுபது. திரைக்குப் பின்னால் நின்று மேடம் ஒவ்வோர் எண்ணாகப் படிப்பதைக் கேட்டேன். கண் மூடிய ஒற்றைக் கால் நிலையையும் மறுபடி எடுத்தோம். இடது முப்பது நொடி, வலது ஏழு.

"நீங்கதானுங்க பாஸுன்னு சொன்னீங்க," என்றார் கோவிந்தன். கோபம் குரலில் இல்லை, அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சின்னப்பொண்ணு போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். யாருக்கு முதலில் மறுபடி போன் செய்வது என்று யோசிக்கிறாள் என்று புரிந்தது. தப்பு என்னுடையது, உங்களுடையது அல்ல என்று நான் இரண்டு முறை சொன்னேன். அது அவர் வேலையைக் காப்பாற்றுகிற வாக்கியம் அல்ல.

திங்கட்கிழமை காலை ரைட்டரே வந்துவிட்டார். குடையும் சிவப்பு மேலட்டை நோட்டுமாக வந்த கனத்த மனிதர். உட்காரக்கூட இல்லை.

"சனிக்கெழம பாஸுன்னீங்க, மத்தியானம் பெயிலுன்னீங்க. இது ஆஸ்பத்திரிங்களா, லாட்டரிச் சீட்டுக் கடைங்களா?"

"நாற்காலியில உக்காருங்க," என்றார் மேடம். "செருப்பக் கழட்டிருங்க."

ரைட்டர் குழம்பிப்போய்க் கழற்றினார். அவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து கோலை விட்டேன். ஐந்து முறை. சராசரி முப்பத்தொன்று. "டிரைவரு இல்லாத எனக்கே முப்பத்தொண்ணுங்களா?" என்று அவருக்கு ஒரே பெருமை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு நான் தரையில் உட்கார்ந்து சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். வேன் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் வருகிறது. இருபத்தேழு சென்டிமீட்டரில் பிடிக்கும் காலுக்கும் அறுபதில் பிடிக்கும் காலுக்கும் நடுவே உள்ள நேரத்தில் வேன் எவ்வளவு தூரம் கூடுதலாக உருளும் என்ற கணக்கு. ஏறக்குறைய ஒரு மீட்டர் வந்தது.

"செம்மநத்தம் ரோட்டுல ரெண்டு வண்டி ஒதுங்கினா, சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல எவ்வளவு இருக்குங்க?" என்று கேட்டேன்.

ரைட்டர் அந்தக் கோட்டையே பார்த்தார். குனிந்து இரண்டு சாண் போட்டார், மூன்றாவது சாணைப் போடவில்லை. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை வாரமுங்க வேணும்?"

"அஞ்சு," என்றார் மேடம்.

"ரெண்டாம் பறிப்பு வரைக்கும் குப்பனூர்க்காரன் ஓட்டட்டும். அதுக்கு மேல ஒரு நாளும் என்னால தாட்ட முடியாதுங்க. அதுவரைக்கும் இவன் களத்துல காப்பி காயப் போடட்டும்."

களத்து வேலை என்றதும் எனக்குப் பதற்றம். புது நாரோடு ஒரு மனிதன் ஈரச் சிமெண்டில் நடப்பதா என்று மறுநாளே பஸ் பிடித்து எஸ்டேட்டுக்குப் போனேன். போய்ப் பார்த்தால், எங்கள் ஆஸ்பத்திரி பல வருடமாக வாங்கித் தராத கருவி அங்கே வெயிலில் பரப்பிக் கிடந்தது. காப்பிக் கொட்டையைப் புரட்ட அவர்கள் வெறுங்காலால் அதை உழுதுகொண்டு நடக்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் காலுக்குக் கீழே கொட்டை நகர்கிறது, பாதம் தேடிப் பிடித்து நிற்க வேண்டியிருக்கிறது. சமநிலைப் பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? நடப்பதோடு, அரைமணிக்கு ஒரு முறை அதன்மேல் வலது காலில் கண் மூடி நிற்கவும் சொன்னேன். களத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏனுங்க டாக்டரு, கொக்குக்கு மீனு எப்பங்க வரும்?"

"பேசாதக்கா, நா உழுந்துருவேன்," என்று கண்ணைத் திறக்காமலே கோவிந்தன் சொன்னார். விழுந்தார். காப்பிக் குவியலில்தான். எட்டு நொடி என்று குறித்துக்கொண்டேன்.

கோல் பயிற்சியை வீட்டில் சின்னப்பொண்ணு எடுத்துக்கொண்டாள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நான் சீவி அளவு குறித்துக் கொடுத்த மூங்கிலை வாங்கிப் போய், அது இறங்க வீட்டுச் சுவரோரம் குழி தோண்டிக்கொண்டாள். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள் என்று நான் சொன்னதற்குக் கோவிந்தன், "வேண்டாமுங்க சார். பதினாலு வருசமாப் பாக்கறேன், இவ என்ன பண்ணப்போறான்னு மூஞ்சியில ஒண்ணுமே தெரியாதுங்க," என்றார். தினமும் காலையில் அடுப்பு வேலைக்கு நடுவே ஓடி வந்து இருபது முறை, மாலையில் இருபது முறை மூங்கிலை விட்டிருக்கிறாள். சில நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது எச்சரிக்கை இல்லாமல் விட்டதாகவும் அவர் என்னிடம் புகார் செய்தார். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றேன்.

வாரா வாரம் திரைக்குப் பின்னால் நின்று நானும் எடுத்தேன், முதலில் இடது, பிறகு வலது. அறுபது ஐம்பத்து நான்கானது. அடுத்த வாரம் ஐம்பத்தாறு. எனக்குத் தூக்கம் போயிற்று. அதற்கடுத்து நாற்பத்து மூன்று, பிறகு முப்பத்தைந்து. கோடு கோணலாக இருந்தது, சுவரில் ஒட்டும்படி இல்லை. ஐந்தாம் வாரம் இடது இருபத்தேழு, வலது இருபத்தொன்பது. கண் மூடி முப்பது நொடி நின்றார். நான் முப்பத்தெட்டு வரை கடிகாரத்தை நிறுத்தவில்லை.

மேடம் தாளில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதில் கடைசியாக ஒரு வரி சேர்த்து, அதன் எதிரே இடம் விட்டிருந்தார். சாலையில் ஓட்டிக் காட்டியதை நேரில் பார்த்தவர் கையொப்பம். "அது நீங்கதானுங்க சார்," என்றார். "நானு இப்ப பாக்கறது எடது காலும் வலது காலும் மட்டும்தான். ரோட்டுல நீங்க பாருங்க."

இரண்டாம் பறிப்பு தொடங்கிய காலை, ஆறு மணிக்கு எஸ்டேட்டிலிருந்து வெறும் வேனில் புறப்பட்டோம். கோவிந்தன் ஓட்ட, நான் பக்கத்தில், ரைட்டர் பின்னால். செம்மநத்தம் போய்ச் சேர்வதற்குள் நான் தீர்மானித்தால் அங்கே காத்திருக்கும் ஆட்களை ஏற்றுவது, இல்லாவிட்டால் பின்னால் பைக்கில் வரும் குப்பனூர் டிரைவர் ஏற்றுவது என்று ஏற்பாடு. வழியில் ஏதாவது ஓர் இடத்தில் நான் டாஷ்போர்டைத் தட்ட வேண்டும், உடனே அவர் நிறுத்த வேண்டும். எந்த இடம் என்று வீட்டிலேயே சீட்டுக் குலுக்கி வந்திருந்தேன். ஐந்தாவது வளைவுக்குப் பிறகு. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். குளிருக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டெருமை ரோட்டில் இறங்கியது.

நான் இதைப் பார்த்துச் சொல்லவில்லை, பிறகு யோசித்துச் சொல்கிறேன். நான் பார்த்தபோது வேன் நின்றிருந்தது. பெல்ட் மார்பை அழுத்தியது. ரைட்டரின் நெற்றி என் இருக்கையின் முதுகில் இடித்த சத்தம் கேட்டது. எருமை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கன்று, அவசரமே இல்லாமல். இரண்டும் கீழ்ச் சரிவில் காப்பிச் செடிகளுக்குள் போன பிறகுதான் கோவிந்தன் மூச்சு விட்டார்.

நான் மீட்டர்க் கோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மண்ணில் குளம்புத் தடத்திலிருந்து வண்டியின் முன்முனை வரை அளந்தேன். இரண்டு மீட்டர் நாற்பது. டயர்த் தடத்தையும் அளக்கக் குனிந்தபோது கோவிந்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சார், கூட்டத்துல இன்னும் வரும். ஏறுங்க சாமி!"

ஐந்தாவது வளைவுக்குப் பிறகு நான் டாஷ்போர்டைத் தட்டவில்லை. ரைட்டரும் ஏன் என்று கேட்கவில்லை, நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

செம்மநத்தத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் டிரைவர் இருக்கையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வேனின் பானட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எஞ்சின் அதிர்வில் என் பெயர் தங்கவேல் என்று எனக்கே படிக்க முடியவில்லை. ரைட்டர் அதை வாங்கி நான்காக மடித்துச் சிவப்பு நோட்டுக்குள் வைத்தார். குப்பனூர் டிரைவரிடம் திரும்பி, "நீ போய் டீ சாப்புடு கண்ணு. மலையடிவாரத்து லாரிக்கு ஆளு கேட்டாங்க, சொல்லி உடறேன்," என்றார்.

ஆட்கள் ஏறினார்கள். சின்னப்பொண்ணு கடைசியாக ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். ஐந்து வாரமாகக் குப்பனூர்க்காரரின் பின்னால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு விழித்தே வந்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் சொன்னாள்.

"போலாங்களா?" என்று கோவிந்தன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"போ," என்றாள் அவள். தூக்குச் சட்டியை மடியில் வைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்து, ஜன்னலில் சாய்ந்துகொண்டாள். வேன் முதல் வளைவில் திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.